நாலாவது சுற்று

கல்முனை
13.02.1982

அன்பின் பெனடிக்,

நானும் மனைவி ஹாஜறாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். வாப்பா மௌத்தாகி, அவர் வயலைப் பார்க்க ஆளில்லாமல் நான் தோஹா வேலையை விட்டு வந்து ஐந்து மாதம். வயலில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது. உன் அம்மாவைப் பார்த்தேன். “அவன் கடிதம் போடுறானில்ல மகன்” என்று குறைப்பட்டார்.

எனக்கும்தான் நீ எழுதவில்லை. மேல் வகுப்புப் போட்டியில் உன் விமானம் நொறுங்கியதை நம் கழகத்து நூஹு எழுதியிருந்தான். அதற்குக் காரணம் நான்.

தோஹாவில், ரேடியோவால் இயக்கும் சிறு விமானங்களுக்கான நம் கழகத்தில், கீழ் வகுப்பில் மூன்று முறை வென்றவன் மேல் வகுப்புக்கு ஏறியே ஆக வேண்டும். நம் இருவருக்கும் இரண்டிரண்டு வெற்றி. என் கடைசிப் போட்டியில், சுழன்று இறங்கும் விமானத்தின் சுழற்சியை மூன்றாம் சுற்றில் நிறுத்த வேண்டும். நான் நாலாவது சுற்றும் விட்டேன். கை தவறவில்லை மச்சான், வேண்டுமென்றே விட்டேன். மேல் வகுப்பில் தலைகீழாகப் பறக்கவிட வேண்டும். மேலே ஏற்ற ரேடியோப் பெட்டியின் குச்சியை இழுத்துப் பழகிய கை, அங்கே ஏற்றுவதற்குத் தள்ள வேண்டும். பயந்தேன். உன்னை வெல்லவிட்டு, நான் பயந்த இடத்துக்கு உன்னை அனுப்பிவிட்டேன்.

மன்னித்துக்கொள்.

பக்கீர் முகைதீன்


தோஹா
02.03.1982

அன்பு மச்சான்,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தேன். கோபம்தான். உன்னை வென்றுவிட்டேன் என்று அன்று நூஹுவுக்குப் புரியாணி வாங்கிக் கொடுத்தேனே.

நான் எழுதாதது வெட்கத்தால். மேல் வகுப்பில் கடைசி ஆளாக வந்தேன். ஆனால் நீ அங்கே நின்றிருக்க வேண்டும். கீழ் வகுப்பில் ஒரு வித்தை முடிந்தால் மூச்சு வாங்கி அடுத்ததைத் தொடங்கலாம். இங்கே ஒன்றை ஒட்டி அடுத்தது வரும். ஒரு பிலிப்பைன்காரர் அத்தனை காற்றிலும் வானத்தில் சதுரம் போட்டார். நாலு மூலையும் மூலையாகவே இருந்தன. நடுவர் புள்ளி எழுத மறந்து நின்றார்.

பிறகு நான் என் விமானத்தைக் கவிழ்த்தேன். சக்கரங்கள் வானத்தைப் பார்த்தபடி, மைதானத்தின் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை ஒரே கோட்டில் போனது. பத்து வினாடி இருக்கும். நான் மெல்லிய மரத்தையும் காகிதத்தையும் ஒட்டிச் செய்தது அது என்று நம்ப முடியவில்லை. எஞ்சின் நின்று விழுந்தது பிறகுதான். அதற்கு நீ காரணமில்லை.

அந்தப் பத்து வினாடி உனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் இப்போது கவலை. உன் பழைய விமானத்தைக் கவிழ்த்துப் பார். அதற்கு முன் மன்னிப்பைப் பற்றிக் கதைக்காதே.

அம்மாவுக்கு இன்று எழுதிவிட்டேன்.

பெனடிக்


கல்முனை
27.03.1982

அன்பின் பெனடிக்,

நேற்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு விமானத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். ஹாஜறாவும் வந்தாள். இரண்டு தடவை கவிழ்க்கப் போய்க் கை பின்வாங்கியது.

“பயமெண்டா இறக்குங்க, வீட்ட போவம்” என்றாள்.

அதைக் கேட்டதும் கவிழ்த்துவிட்டேன். விமானத்தின் மூக்கு கடலை நோக்கித் தாழ்ந்தது. அலை நெருங்கியது. இழு, இழு என்று கை துடித்தது. தள்ளினேன்.

ஏறியது மச்சான். தலைகீழாகவே ஏறியது.

கரைவலை இழுத்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார்கள். “சுப்ஹானல்லாஹ்” என்று ஒருவர் மெல்லச் சொன்னது கேட்டது. ஹாஜறா என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மேலே பார்த்தாள்.

“இதையா வேணாமெண்டு உட்டீங்க?” என்று கேட்டாள்.

விமானத்தை நிமிர்த்தி, இன்னொரு தடவை கவிழ்த்தேன்.

பக்கீர் முகைதீன்