முதல் பத்தி என் மகளுடையது அல்ல

அனுப்புநர்:
போட்டியாளர் எண் 2218 மாணவியின் தாயார்.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
பள்ளி மாணவர் ஆய்வுக் கட்டுரைப் போட்டிப் பிரிவு,
பல்கலைக்கழகச் சேர்க்கை ஆணையம்.

பொருள்: "நகல்" என்று தள்ளப்பட்ட கட்டுரையை மீண்டும் படித்துப் பார்க்கவும், மாணவியின் பதிவிலிருந்து அச்சொல்லை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் மூன்றாவது மனு. முதல் மனுவில் எங்கள் பெயர்களை எழுதியிருந்தேன். போட்டி தொடர்பான கடிதங்களில் எண் மட்டுமே இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது மனு கிடைத்தது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டம்ல நகல்னு வந்துட்டா எங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார். யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். எழுதிப் போடச் சொன்னார். எழுதுகிறேன்.

1. இந்த ஆண்டுத் தலைப்புகளில் "நோயாளியிடம் உண்மையை மறைக்கலாமா?" என்பதை என் மகள் எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்க ஆசை. படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அவள் அப்பா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். அந்தத் துறையில் இடம் தர இப்போட்டியின் மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "நகல்" என்று பதிவாகிவிட்டால் மூன்று ஆண்டுகளுக்கு எந்தத் துறைக்கும் விண்ணப்பிக்க முடியாது என்று தங்கள் கையேட்டில் உள்ளது.

2. அவள் அந்தத் தலைப்பை எடுக்கக் காரணம் நான். சென்ற ஆண்டு எனக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் அவர்களிடம் சொன்னதும், அப்பாவும் மகளும் கூடிப் பேசி, அது வயிற்றுப்புண் என்று என்னிடம் சொன்னார்கள். நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். முன்மேசையில் உட்கார்ந்து அறிக்கைகளை உறையில் போட்டுக் கொடுக்கிறவளுக்கு, எந்தச் சோதனையை எதற்காக எழுதுவார்கள் என்று தெரியாமலா இருக்கும்? முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஆனால் இருவரும் அத்தனை பாடுபட்டுப் பொய் சொன்னார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் வயிற்றுப்புண்காரியாகவே நடந்துகொண்டேன். காரத்தைக்கூடக் குறைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. ஒருநாள் மகள் மாத்திரையை எடுத்துத் தந்தபோது, அது எதற்கான மாத்திரை என்பதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்துடன் எங்கள் நாடகம் முடிந்தது.

3. அவள் எழுதியது இதைத்தான். அவளுடைய கட்டுரையின் முதல் வரி: "என் அம்மாவிடம் நாங்கள் பொய் சொன்னோம், அந்தப் பொய்யைக் காப்பாற்றியவர் அம்மாதான்." பொய் சொல்கிறவரைவிட, நம்புவதுபோல் இருக்கிறவருக்கே வேலை அதிகம்; நோயோடு அந்த வேலையையும் ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம் என்பது அவள் வாதம். அனுப்புமுன் என்னிடம் அனுமதி கேட்டாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்; பக்கத்தில் நின்று முழுவதையும் படித்துக் காட்டினாள். அப்பாவை இவ்வளவு திட்டியிருக்க வேண்டாம் என்று சண்டை போட்டேன். மாற்ற மாட்டேன் என்றாள். மாற்றவும் இல்லை.

4. கட்டுரைகளைப் பள்ளி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அங்கே அதற்குப் பொறுப்பான ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் "முன்னுரை டீச்சர்". பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய மாணவர் ஒருவர் இப்போட்டியில் முதல் பரிசு வாங்கினார். அந்தக் கட்டுரை, "மனிதன் இப்பூவுலகில் தோன்றிய காலந்தொட்டு அவனைச் சிந்திக்கவைத்த வினாக்கள் எண்ணற்றவை" என்று தொடங்கியது. அன்றுமுதல் ராசியான பத்தி என்று அதை எல்லோர் கட்டுரைக்கும் தலையில் வைத்து அனுப்புவது அவர் வழக்கம். எந்தத் தலைப்புக்கும் அது பொருந்தும். போக்குவரத்து நெரிசலுக்கும் பொருந்தும். மற்ற பிள்ளைகள் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். என் மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆசிரியை அவளுக்குத் தெரியாமல் அவளுடைய முதல் பத்தியை எடுத்துவிட்டு, தம்முடையதை வைத்துப் பதிவேற்றிவிட்டார்.

5. இந்த ஆண்டு அப்பள்ளியிலிருந்து வந்த கட்டுரைகள் அனைத்தும் ஒரே பத்தியில் தொடங்கின. இந்த ஆண்டுதான் ஒப்பிடத் தொடங்கிய தங்கள் கணினி முதல் பக்கத்தை மட்டும் பார்க்கிறது என்று அறிகிறேன். அது சொன்னதில் தவறில்லை. அந்தப் பத்தி நகல்தான். அதற்குக் கீழே உள்ளதை இதுவரை மனிதர் யாரும் படிக்கவில்லை என்பதே என் புகார்.

6. ஆசிரியைமீது எனக்குப் புகார் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீரைக்கூடத் தொடாமல் அழுதார். "எடுத்ததுமே அம்மாகிட்ட பொய் சொன்னோம்னு மொட்டையா ஆரம்பிக்குது. மார்க் குறைச்சிடுவாங்களோன்னு பயந்து, நல்லதுன்னு நினைச்சுதான் செஞ்சேன்" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நல்லது என்று நினைத்துச் செய்தவர்களோடுதான் நானும் குடும்பம் நடத்துகிறேன். நடந்ததை அவரே எழுதிக் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார், இணைத்துள்ளேன்.

7. வருத்தத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். என் நோயைப் பற்றி வேறு யாரோ எழுதியதை என் மகள் திருடிவிட்டாள் என்று தங்கள் பதிவு சொல்கிறது. அதைப் பார்த்த அன்று எனக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருந்தது. மகள் இப்போது எதையும் எழுதுவதில்லை. என்ன எழுதினாலும் யாருடையது என்று கேட்பார்கள் என்கிறாள்.

ஆகவே, அவளுடைய சொந்த முதல் பத்தியோடு கட்டுரையை நடுவர் ஒருவர் முழுமையாகப் படிக்க வேண்டும். "நகல்" என்ற சொல் நீங்க வேண்டும். பரிசு கேட்கவில்லை. அவள் வாதம் பிடிக்காவிட்டால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். எனக்கே சில இடங்கள் பிடிக்கவில்லை.

மறுபரிசீலனைக்கு ஆறு மாதம் வரை ஆகலாம் என்று தங்கள் இணையதளத்தில் உள்ளது. விண்ணப்பங்கள் இம்மாத இறுதியில் முடிகின்றன என்பது ஒரு சிக்கல். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது யாரும் என்னிடம் எதையும் மறைப்பதில்லை. மருத்துவர் சொன்னதை என்னிடமும் சொல்லிவிட்டார்கள். அவர் சொன்ன கணக்கு தங்கள் கணக்கைவிடச் சிறியது. அவள் எழுதியதெல்லாம் எங்கள் வீட்டில் நடந்ததுதான் என்று சொல்ல நான் சாட்சி. விசாரிப்பதானால் இம்மாதமே அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாடிப்படி ஏற எனக்கு நேரமாகும். ஆனால் வந்துவிடுவேன்.

இணைப்பு: மாணவியின் மூலக் கட்டுரை, ஆசிரியையின் வாக்குமூலம்.

நாள்: மார்ச் 14
இடம்: பரிசோதனைக் கூடத்தின் முன்மேசை

இங்ஙனம்,
(கையொப்பம்)
கட்டுரையில் "அம்மா" என்று குறிப்பிடப்பட்டவர்