துணைக்கால்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று மொத்தமாக எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் ஒவ்வொருவராகச் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உன் மனைவி வேலைக்குப் போய்வருகிறாள். அவளும் உன் பெண்ணும் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார்கள். வாண்டுக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. அத்தான் வழக்கம்போல எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறார்.

உன் கார்டு என் அலுவலக முகவரிக்கு வந்து சேர்ந்தது. நீ வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வாரம் கழித்து, ஒரே ஒரு வரி: “அந்த வரியை எழுதியது அக்காவா?” மேலே தேதி இல்லை, கீழே பெயர் இல்லை, ஓரத்தில் நீ தங்கியிருக்கும் இடத்தின் முகவரி மட்டும். உண்மையைச் சொன்னால், முதலில் அது நீ எழுதியதுதானா என்றே சந்தேகப்பட்டேன். பரணிலிருந்து உன் பழைய பள்ளி நோட்டை எடுத்து ‘ழு’வின் வளைவை ஒப்பிட்டுப் பார்த்தேன். நீதான். கார்டைக் கொண்டுவந்து கொடுத்த வரவேற்பறைப் பெண், “என்ன மேடம், ஒரு வரிக் கவிதையா?” என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்டாளா, ஆழம் பார்த்தாளா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் இதை உறைக்குள் போட்டு ஒட்டி, நம் தெருத் தபால் நிலையத்தை விட்டுவிட்டு, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிப் போய்ச் சேர்க்கப் போகிறேன். நம் தபால் நிலையத்துச் சுவரிலும் நான் வேலை பார்க்கும் டிவி சேனல்தான் ஓடுகிறது.

உன் கேள்விக்குப் பதில் கடைசியில் இருக்கிறது. நழுவுகிறேன் என்று நினைக்காதே. நேரே அந்த இடத்துக்குப் போக என் கை வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நல்ல செய்தி. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை வந்து ஏழு வாரம் ஆகிறது. நீ பார்த்துக்கொண்ட குடிநீர்த் தொட்டியில் ஒரு குற்றமும் இல்லை. மூன்றாவது தெருவில் சாக்கடைக் குழாய் உடைந்து குடிநீர்க் குழாயோடு கலந்திருக்கிறது. அந்தக் குழாய் இற்றுப்போய்விட்டது என்று நீ இரண்டு முறை எழுதிக் கொடுத்த தாள்களும் கோப்பில் பத்திரமாக இருந்தனவாம். அந்தத் தண்ணீரைக் குடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த இருபத்தாறு பேரும் எப்போதோ வீடு திரும்பிவிட்டார்கள். உன்னை மறுபடி வேலையில் சேரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் நீ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நீயாகவே விலகியதாக எடுத்துக்கொள்வார்கள். உன் மேற்பார்வையாளர், “ஆளக் காணோம்னா ஏதோ இருக்குன்னுதானேம்மா பேசுவாங்க” என்றார். அக்கறையில் சொன்னாரா, அவரே அப்படித்தான் நினைக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

தெருவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும் ஒருநாள் குப்பைத் தொட்டி அருகே என்னை நிறுத்தி, “அறிக்கை எல்லாம் சரிதான்... ஆனா நெருப்பில்லாம புகையுமா?” என்றாள். தண்ணீர் கெட்டதிலிருந்து இங்கே எல்லோரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறார்கள். செய்தியை மட்டும் அப்படியே குடிக்கிறார்கள். அம்மா இப்போது டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்க்கிறாள். ஏன் என்று கேட்டால், “என்ன சொல்றாங்கன்னு தெரிய வேணாம். யாரத் திட்டறாங்கன்னு தெரிஞ்சா போதும், அது நீ இல்லைன்னு பாத்துட்டுத் தூங்கிருவேன்” என்கிறாள்.

இனி அந்த வீடியோ. நீ வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவதை வாண்டு உன் போனில் எடுத்தது. நம் குடும்பக் குழுவில் நீ பெருமையாகப் போட்டாய். நான் அன்றைக்கே பார்த்திருக்கிறேன். “இது என்னப்பா?” என்று அவள் கேட்பாள். “மருந்துடா, கிருமி சாகறதுக்கு. நீ குடிச்சா வயிறு வலிக்கக் கூடாதுல்ல” என்று நீ சொல்வாய். எங்கள் சேனலில் அந்தக் குரல்கள் இல்லை. குரலை எடுத்துவிட்டு இதயம் அடித்துக்கொள்வதுபோல ஒரு இசையைப் போட்டார்கள். உன் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஊற்றுவதை மெதுவாக்கி, திரும்பத் திரும்ப, ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை. பிள்ளைக்கு நல்லதண்ணீர் கொடுக்கிறவனை, பார்த்தாலே உதறுகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

அதைச் சேனலுக்குக் கொடுத்தது யார் என்றுதான் நான் பைத்தியம் பிடித்தவளாக அலைந்தேன். குழுவில் நாம் ஆறு பேர்தான். நீ, உன் மனைவி, அம்மா, நான், அத்தான், உன் மைத்துனன். அத்தான் குளிக்கப் போனபோது அவர் போனைத் துழாவினேன். இருபது வருடக் குடித்தனத்தில் முதல் தடவை. அம்மாவுக்கு வீடியோவை அனுப்பத் தெரியாது என்று தெரிந்தும், “யாருக்காவது காட்டினியா?” என்று மூன்று முறை குறுக்குக் கேள்வி கேட்டேன். உன் மைத்துனன் போன வருடம் எங்கள் சேனலில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தானே, அது போதாதா எனக்கு? அவன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். மறந்து வைத்துப் போன குடையை வாங்க வந்தவனை உள்ளே கூப்பிடாமல், வாசல் கேட்டின் மேலாகவே நீட்டினேன். அவன் குடையை வாங்கிக்கொண்டு, “என்னக்கா, மழை எனக்குத்தானே, உங்களுக்கு என்ன கோபம்?” என்று சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை.

போன மாதம் வாண்டின் பையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அறிவியல் கண்காட்சிச் சான்றிதழ் ஒன்று கசங்கி அடியில் கிடந்தது. “என்னடி இது?” என்றேன். “அப்பா தண்ணியச் சுத்தம் பண்ற வீடியோ அத்தை, அதுக்குத்தான் ரெண்டாம் பரிசு. ஸ்கூல் ஃபேஸ்புக் பக்கத்துலகூடப் போட்டிருக்காங்களே” என்றாள். போய்ப் பார்த்தேன். ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி மூன்று மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. நம் வீட்டில் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, தம்பி. நீயும் அங்கே உட்கார்ந்து குழுவில் மற்ற ஐந்து பேரை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நிறுத்திவிடு. வாண்டுக்கு மட்டும் இந்த விஷயம் என்றைக்கும் தெரிய வேண்டாம். உன் மைத்துனனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “குடையக் குடுத்தீங்களே, அதுவே பெருசு” என்றான்.

இப்போது என் அலுவலகம். “அக்கா டிவியில ஒற்று போடற வேலை பாக்குது” என்று நீ கிண்டல் செய்வாயே. நான் சேர்ந்தபோது அந்த அறையில் நாங்கள் நான்கு பேர். திரையில் போகும் ஒவ்வொரு வரியும் எங்கள் கண்ணைத் தாண்டித்தான் போகும். சந்திப்பிழையைவிட முதலில் கேட்கும் கேள்வி, இதை யார் சொன்னது என்பதுதான். இரண்டு பேர் சொல்லாத எதுவும் மேலே ஏறாது. கடைசியில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். செய்திப் பிரிவின் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மிளகாய்’. எந்த வரியைப் பார்த்தாலும் “காரம் பத்தலையே” என்பார். இதை யார் சொன்னது என்று கேட்டால், “கேள்வியாப் போட்டுடுங்க மேடம், கேக்கறதுக்கு யார் சொல்லணும்?” என்பார். கடைசி எழுத்தில் இருக்கும் புள்ளியை எடுத்துவிட்டு ஒரு துணைக்கால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. செய்தார் என்றால் வழக்கு வரும். செய்தாரா என்றால் வராது. எதிர்வீட்டுக்காரி சொன்ன பழமொழியின் முடிவிலும் அந்தக் கால்தான் நின்றது, கவனித்தாயா?

தண்ணீர் அறிக்கை வந்த அன்று நானே மறுப்பு வரியை எழுதிக் கொடுத்தேன்: “தொட்டி ஊழியர் குற்றமற்றவர்.” மிளகாய் அதைத் திருத்தி அனுப்பினார்: “தொட்டி ஊழியர் குற்றமற்றவரா?” நான் காலை எடுத்துவிட்டுப் புள்ளியை வைத்து ஏற்றினேன். நாற்பது விநாடி ஓடியது. பிறகு ஒரு நடிகையின் நாய் காணாமல் போன செய்தி வந்துவிட்டது. மறுநாளிலிருந்து என்னை ராசிபலன் நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எல்லாவற்றையும் அடித்துச் சொல்கிறார்கள். ஒரு கேள்விக்குறிகூடக் கிடையாது.

இதைச் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறேன் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கே தோன்றுகிறது. அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் கெட்ட செய்தி வந்த அன்று காலை பதினொன்றேகாலுக்கு என் மேசைக்கு வந்த வரி இது: “குடிநீரில் விஷம் கலந்தார் தொட்டி ஊழியர்.” உன் தொட்டி என்று தெரிந்தது. எப்படியும் இது போகத்தான் போகிறது, கொஞ்சமாவது மட்டுப்படுத்துவோம் என்று நினைத்தேன். புள்ளியை எடுத்தேன். கால் போட்டேன். “கலந்தாரா?” உன்னைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். மறுநாள் கை கழுவும் இடத்தில் எங்கள் வக்கீலம்மா என் தோளைத் தட்டி, “நல்லவேளை, நீங்க கேள்வியாக்கிட்டீங்க. முதல்ல இருந்த மாதிரி வந்திருந்தா நான் நிறுத்தியிருப்பேன்” என்று பாராட்டினார். குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அந்த வரி அவர் மேசையிலேயே செத்திருக்கும். அதற்குக் கால் கொடுத்து, நம் தெருவுக்கும் கல் விழுந்த உன் வீட்டு ஜன்னலுக்கும் நடக்க விட்டது நான்.

இன்னும் ஒன்று. அந்த வீடியோ முதல் தடவை திரையில் ஓடியபோது, வீட்டில் சிரித்துக்கொண்டே பார்த்த அதே வீடியோதான், அந்த இசைக்கும் அந்த வட்டத்துக்கும் நடுவே ஒரு முழுச் சுற்று உன் கையை நான் அந்நியன் கையாகப் பார்த்தேன். செய்திருப்பானோ என்று நினைத்தேன். நடை பழகும்போது என் விரலைப் பிடித்திருந்த கை அது. மற்றவர்கள் நம்பியதைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை.

நீ திட்டு. திட்ட வேண்டியதை நேரில் திட்டு. கையெழுத்துப் போட இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. உன் மனைவி கதவு தட்டப்பட்டால் முதலில் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறாள். அது கல் எறிந்தவர்களுக்குப் பயந்து மட்டும் இல்லை. வாண்டு பள்ளியில் தண்ணீர் குடிக்காமல் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். ஏன் என்றால், “அப்பா வந்து ஊத்தட்டும்” என்கிறாள்.

நீ எங்கே இருந்தாலும் உடம்பும் மனமும் திடமாக இருக்க வேண்டும். உன் கேள்வியின் முடிவில் இருக்கும் கடைசிச் சொல்லை எடுத்துப் பார். அதன் கடைசி எழுத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவதுதான் பதில். அதைக் கீழே கையெழுத்தாகவும் போட்டிருக்கிறேன். நீக்கிய எழுத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை. உனக்கே அனுப்புகிறேன்.

வா.

அக்கா