கையும் விசிலும்

12 ஜனவரி 2025, ஞாயிறு

ஐந்து வரி எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும். எழுபத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவனுக்கு என்ன அவசரம்? சர்ச்சில் பூசை முடிந்து வந்து இட்லி மாவுப் பாக்கெட்டில் இருந்ததை முழுவதும் படித்தேன். குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று போட்டிருக்கிறது. இத்தனை வருஷம் அது என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல் லீவு. மருமகள் ஆன்சி தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். அவள் கம்பெனி ஏழெட்டு செல்போன் ஆப் செய்கிறது. பொத்தான், எழுத்து, நிறம் எல்லாம் ஒரே இடத்தில் தயார் செய்து வைப்பார்களாம். டிசைன் சிஸ்டம் என்று பேர். எல்லா ஆப்பும் அங்கிருந்துதான் எடுக்கும். அங்கே ஒன்று கோணல் என்றால் எல்லா இடத்திலும் கோணல்.

முதலில் வரப்போவது கண் ஆஸ்பத்திரி ஆப். தேதியை உறுதி செய்ய அரை நிமிஷம்தான் கொடுக்கிறார்கள். கண் மங்கினவர்களுக்கும் மெதுவாகப் படிப்பவர்களுக்கும் போதாது என்று இவள் சண்டை போடுகிறாள். வயசானவர் ஒருவரைக் கூட்டி வா, பார்ப்போம் என்று மேலே சொன்னார்களாம்.

"நீங்க வர்றீங்களா மாமா?"

வராமல்?

18 ஜனவரி, சனி

ஆன்சி ஆபீசில் ஏசி அறை. என்னைச் சுற்றி ஆறு பேர், கையில் நோட்டு. செல்போனைக் கொடுத்தார்கள். 'உறுதி செய்யவும்' என்பதில் 'உறு' வரை வந்தேன், திரை போய்விட்டது. மறுபடி கொடுத்தார்கள். இந்தத் தடவை படிக்கவில்லை. கீழே வலது பக்கம் அமுக்கினேன். ஆயுசு முழுக்கக் கைநாட்டு வைத்த இடம் அதுதானே. டிக் வந்தது. கை தட்டினார்கள்.

படிக்க முடிந்ததா என்று கேட்டார்கள். நன்றாக முடிந்தது என்றேன். நேரம் போதுமா என்றார்கள். போதும் என்றேன். ஒரு பெண் எழுதிக்கொண்டாள். நான் படித்தேன் என்று ஒருவர் எழுதி வைத்தது இதுதான் முதல் தடவை.

திரும்பும்போது ஆன்சி வண்டியை வேகமாக ஓட்டினாள்.

3 பிப்ரவரி, திங்கள்

ஆப் வந்துவிட்டது. அரை நிமிஷம் அப்படியே இருக்கிறது.

10 பிப்ரவரி, திங்கள்

எண்ணூர் ரயில் பிடித்து முகத்துவாரக்குப்பம் போனேன், மாரியப்பனைப் பார்க்க. துறைமுகத்தில் முப்பது வருஷம் நான் சுமை தூக்கும் வின்ச் ஓட்டினேன், அவன் சிக்னல் கொடுத்தான். கப்பலின் அடிக்கிடங்கு என் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அவன்தான் எட்டிப் பார்த்துக் கை காட்டுவான், கூடவே விசில் அடிப்பான். இரண்டும் வந்தால்தான் சுமையை அசைப்பேன். வெயில் கண்ணில் அடித்தால் கை தெரியாது. சத்தத்தில் விசில் கேட்காது. ஒன்று மட்டும் வந்தால் அசைக்கக் கூடாது. உள்ளங்கை கீழே பார்க்க, ஒரு நீள விசில் என்றால், சுமையை இறக்கு என்று அர்த்தம்.

இப்போது சர்க்கரை அவன் கண்ணைத் தின்கிறது. மாதம் ஒரு ஊசி. அந்த ஆஸ்பத்திரியில் இனி ஆப்பில்தான் பதிவு. அவன் சம்சாரம் கன்னியம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. அதனால் பதிவு செய்ய நான். தேதி வரை படித்துவிட்டுக் கீழே வலது பக்கம் அமுக்கினேன்.

"எல்லாம் படிச்சியா மாமு?"

"படிச்சேன்டா. பதினாலாந் தேதி, பத்து மணி."

டிக் வந்தது. பெருமையாக இருந்தது.

14 பிப்ரவரி, வெள்ளி

ஆஸ்பத்திரி லிஸ்டில் மாரியப்பன் பேர் இல்லை. பச்சை டிக் வந்தால்தான் பதிவாம். சாம்பல் டிக் வந்தால் நேரம் முடிந்துவிட்டதாம். கவுண்டர் பெண் சொன்னாள். டிக் டிக்தானே? எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த இடம் மார்ச் ஏழு.

திரும்பும்போது மாரியப்பன், "வுடு மாமு, மெஷினு தப்பு" என்றான்.

நானும் ஆமாம் என்றேன்.

15 பிப்ரவரி, சனி

மெஷின் தப்பு இல்லை.

27 பிப்ரவரி, வியாழன்

கன்னியம்மா போன் பண்ணினாள். இடது கண்ணுல உள்ளாற ரத்தம் கட்டிக்கிச்சாம். திரும்பி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஊசி நேரத்துக்குப் போட்டிருந்தா நின்னிருக்குமா? கேக்கல. கேக்க தைரியம் இல்ல. நான் இன்னா பண்ணிட்டேன்.

5 மார்ச், புதன்

சாம்பல் புதன். சர்ச்சில் நெற்றியில் பூசின சாம்பலோடு ஆன்சியிடம் சொன்னேன். அன்றைக்குப் படிக்கவில்லை, நேரம் போதவில்லை, பொய் சொன்னேன் என்று. மாரியப்பன் கண்ணையும் சொன்னேன்.

"அந்த ஒரு நாள்தான் மாமா எனக்குக் குடுத்தாங்க" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

8 மார்ச், சனி

நேற்று மாரியப்பனுக்கு ஊசி போட்டார்கள். வலது கண்ணுக்கு மட்டும்.

ஆன்சி இன்று வந்து உட்கார்ந்தாள். ஏன் போதும் என்றேன் என்று கேட்டாள். ஆறு பேர் பார்க்கும்போது படிக்கத் தெரியவில்லை என்று எப்படியம்மா சொல்வது என்றேன். பிறகு, ஆறு பேர் சுத்தி உட்கார்ந்து கேட்டது எங்கள் தப்பு என்றாள். அவள் அப்படிச் சொன்னதால் என் தப்பு குறையவில்லை.

கப்பலில் வெயில் அடித்து மாரியப்பன் கை தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கையும் விசிலும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். நடந்ததைக் கம்பெனிக்கு நானே எழுதித் தர முடியுமா என்றாள்.

11 மார்ச், செவ்வாய்

மூன்று நாள். இரண்டு பக்கம். கீழே வலது பக்கம் கையெழுத்துப் போட்டேன். இக்னேஷியஸ்.

26 ஏப்ரல், சனி

புது ஆப்பை வீட்டில் தனியாகக் கொடுத்துவிட்டு ஆன்சி மாவு அரைக்கப் போய்விட்டாள். யாரும் பார்க்கவில்லை. மூன்று இடத்தில் புரியவில்லை என்று எழுதி வைத்தேன். திரும்பி வந்து படித்துவிட்டுச் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள்.

11 மே, ஞாயிறு

குப்பத்துக்குப் போனேன். மாரியப்பன் தானே பதிவு செய்தான். இப்போது நேரம் ஓடுவதில்லை. தொட்ட இடத்தை எல்லாம் செல்போன் வாய்விட்டுச் சொல்கிறது. முடிந்ததும் 'பதிவாகிவிட்டது' என்றது, கையில் அதிர்ந்தது. இரண்டும் வந்த பிறகுதான் மாரியப்பன், "ஆச்சு" என்றான். ஏழெட்டு ஆப்பிலும் இனி இப்படித்தானாம்.

"உன் வேலை போச்சு மாமு" என்று சிரித்தான். பிறகு, "எப்பப் பாத்தாலும் நோட்ல இன்னாத்த எழுதிக்கினு கீறே? படி, கேப்போம்" என்றான்.

இவனிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மாவுப் பாக்கெட்டுக்குச் சிரித்தான். ஜனவரி பதினெட்டையும் படித்தேன். பிப்ரவரி பதினைந்தையும் படித்தேன். மெதுவாகத்தான் வந்தது. ஒரு வரியையும் விடவில்லை.

முடித்தபோது முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. அவன் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டினான், உள்ளங்கை கீழே பார்க்க. மற்றக் கையின் விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தான்.

இரண்டும் வந்தது.