மகதலேனாவின் கழுத்துக் கறுப்பு

அனுப்புநர்:
ச. அம்புரோஸ்,
கோவில் உபதேசியார்,
ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்வரிசை,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
தலைமை வைத்திய அதிகாரி அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: குஷ்டரோகி என்று தவறாகக் குஷ்டரோகிகள் முகாமில் வைக்கப்பட்டுள்ள திருமதி மகதலேனாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, வயிற்றைப் பரிசோதிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மகதலேனாவுக்குக் குஷ்டம் என்று சென்ற ஏப்ரல் 2-ஆம் தேதி எழுதிக் கொடுத்தவன் நானே. அது தவறு என்று தாங்கள் என் வாயாலேயே அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

2. அவருக்கு வயது நாற்பத்தாறு. ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் ஷண்டர் கிரிகரியின் மனைவி. தை மாதம் முதல் அவர் கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடித்து வந்தன. குழாயடியில் மாரியாயி என்ற பெண் "கழுத்தத் தேச்சுக் குளிக்க மாட்டியாக்கா?" என்று கேட்டிருக்கிறார். அன்று முதல் மகதலேனா தேங்காய் நாரால் ரத்தம் வரும்வரை தேய்த்திருக்கிறார். கறுப்பு போகவில்லை, அரிப்பும் நிற்கவில்லை. இரண்டு வாய்க் கஞ்சிக்கே வயிறு நிறைந்துவிட்டது என்பாராம். மூன்று மாதத்தில் ரவிக்கைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்திருக்கிறார். இவற்றை நான் விசாரித்தது பிற்பாடுதான். புகார் எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3. பூசையில் சுவாமியார் நன்மை அப்பத்தை நாக்கில் வைக்கும்போது, அதன் துணுக்கு கீழே விழாதபடி ஒவ்வொருவர் தாடையின் கீழும் தட்டுப் பிடிப்பது என் வேலை. பதினோரு வருஷமாகப் பிடிக்கிறேன். எங்கள் ஜனங்களின் நாக்கையெல்லாம் பார்த்தவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. யார் வெற்றிலை போட்டுவிட்டு வந்தார் என்பது வரை சொல்லிவிடுவேன். ஏப்ரல் முதல் தேதி, உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு ஞாயிறன்று மகதலேனா வாய் திறந்தபோது, உதட்டின் உட்புறமும் நாக்கும் சிறு சிறு மருக்களாகத் தடித்திருந்தன. சுவாமியாரின் விரல் அந்த நாக்கிலிருந்து அடுத்த நாக்குக்குப் போயிற்று. மகதலேனாவுக்குப் பின் இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். பயந்துவிட்டேன் ஐயா.

4. மறுநாளே சுகாதார இலாகாவுக்கு எழுதினேன். வியாழக்கிழமை முகாமுக்கு ஏற்றிப்போக லோரி வந்தது. கிரிகரி வேலைக்குப் போயிருந்தார். "நான் தனியா சமைச்சுத் தனியா படுத்துக்கிறேன் உபதேசியாரே, அனுப்பிடாதீங்க" என்று மகதலேனா என்னிடம் கேட்டார். நான் ஒரு ஜெபமாலையைக் கையில் கொடுத்து ஏறச் சொன்னேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5. எங்கள் தெருவில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டாக்டர் வேலாயுதம் அப்போது யாழ்ப்பாணம் போயிருந்தார். திரும்பி வந்து விஷயம் கேட்டதும், சென்ற சனிக்கிழமை, உறவினர் பார்க்கும் நாளில், கிரிகரியையும் என்னையும் அழைத்துக்கொண்டு முகாமுக்குப் போனார். கறுத்த தோலில் ஆறு இடத்தில் குண்டூசியால் குத்தினார். ஆறு தடவையும் மகதலேனா துடித்தார். குஷ்டமானால் அங்கே உணர்ச்சி மரத்திருக்க வேண்டுமாம். உள்ளங்கைத் தோலோ கழுவிய ஆட்டுக்குடல் போலத் தடித்துச் சொரசொரத்திருந்தது. மேல்வயிற்றை அமுக்கியபோது டாக்டரின் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. வெளியே வந்து, "தோலைப் பார்த்துக்கொண்டு நிண்டது போதும், வயித்தைப் பாருங்கோ" என்றார். இந்த வயதில் திடீரென்று இப்படிக் கறுத்து, வாயிலும் மரு கண்டு, உடம்பும் இளைத்தால், உள்ளே, அநேகமாக இரைப்பையில், புற்று ஒளிந்திருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. அவருடைய கடிதம் இத்துடன் உள்ளது.

6. முகாமில் குஷ்டத்துக்கான நீரடிமுத்து எண்ணெய் ஊசியையே போட்டு வருகிறார்கள். ஒவ்வோர் ஊசிக்குப் பின்னும் வாந்தி. அவர்களை நான் குறை சொல்லவில்லை. என் காகிதத்தை நம்பினார்கள். மேலிடத்து உத்தரவு இல்லாமல் வெளியே விட முடியாது என்கிறார்கள். அந்த உத்தரவு தங்கள் கையில் இருக்கிறது.

7. ஆகவே ஊசியை உடனே நிறுத்தி, அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, வயிற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். தவறான புகாருக்கு என்ன தண்டனையோ, அதை ஏற்றுக்கொள்கிறேன். மகதலேனா எத்தனை நாள் தாங்குவார் என்று கிரிகரி டாக்டரிடம் கேட்டார். டாக்டர் பேனாவை எடுத்து, இத்துடன் உள்ள கடிதத்தை எழுத உட்கார்ந்தார்.

மகதலேனாவைக் கொண்டுபோக லோரி மூன்றே நாளில் வந்தது, ஐயா. அழைத்துவரவும் மூன்று நாளில் ஒரு வண்டி அனுப்புங்கள்.

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
தேதி: 7 மே 1934

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ச. அம்புரோஸ்

கணவர் கிரிகரியின் சம்மதம்: இடது பெருவிரல் ரேகை