வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே ஒரு தும்மல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் என் சளியும் நலம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் ரத்தக்கொதிப்பும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

வகுப்பில் நடத்துவதைப் பதிவு செய்ய ரெக்கார்டர் வாங்கிவிட்டேன். கடையில் இரண்டு ரகம் காட்டினார்கள். நீங்கள் சொன்னபடியே, பேச்சு நின்றால் தானாக நின்று பேட்டரியை மிச்சப்படுத்தும் ரகத்தை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அதை அணைக்க மறந்துவிட்டேன். திங்கள்வரை என் கூடவேதான் இருந்திருக்கிறது. நேற்று மாலை போட்டுக் கேட்டபோது தூக்கிவாரிப்போட்டது. "மீதியைத் திங்கட்கிழமை பாக்கலாம்" என்கிறார் பேராசிரியர். அடுத்து என் தும்மல் ஒன்று. உடனே, "போன வாரம் விட்ட இடத்துலேர்ந்து" என்று அவரே தொடங்கிவிடுகிறார். இரண்டு நாளை முழுசாக விழுங்கிவிட்டதே என்று பதறிக் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் காதில் வைத்துப் பார்த்தார். "மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. யாரும் பேசலைன்னா அது எதைப் பதியும்?"

கவலைப்படாதீர்கள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டு அறையிலேயே இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமையாவது லைன் கிடைத்து நீங்கள் போன் செய்யும்போது அம்மா குறுக்கே குறுக்கே பேசினால் அதட்டாதீர்கள். ரெக்கார்டரில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி