அலரியைத் திருப்பி அனுப்புக

மேகம் தங்கும் குறும்பொறை மலை வாழ்க. தேனும் தினையும் பொலிக. கடல்வளம் சுரக்கும் சங்கத்துறை நாடாளும் வேந்தர் திருமாவேலர் திருமுன்பு, குறும்பொறை அரசி பொறைமாதேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி ஓலைநாயகம் கண்ணந்தை எழுதியது: தங்கள் கலங்கள் கரை சேர்க, தங்கள் குடிகள் பசியறியாது வாழ்க.

எம் அரசியார் அன்னம் தொடவில்லை. காரணம் தங்கள் தூதர் காரிநம்பி.

பகைவர் எம் எல்லை புகுந்தபோது தாங்கள் படை தந்து காத்தீர்கள். கைம்மாறாக எம் விலங்குகளில் வேண்டுவன கொள்ளலாமென்று அரசியார் இசைந்ததும் மெய்யே. ஆயின் வேந்தே, தங்கள் நாட்டில் நாலு காலுடையதெல்லாம் விலங்கு. எம் மலைவழக்கு வேறு. பிறந்தபோது பெயரிட்டு, புதுத்தினையில் பங்கு கொடுத்து, இறந்தால் வீடே துக்கம் காக்கும் உயிர் எதுவோ, அது உறவு. ஆடும் எருதும் எமக்கு விலங்கு. யானையோ எம் குடியில் ஒருத்தி.

தாங்கள் இதனை அறியாதிருக்கலாம். காரிநம்பி நன்றாகவே அறிவார்! எம் அரண்மனையில் உறவாய்த் தங்கி உண்டு, எம் பிடியானை அலரியை அக்கை என்றே அழைத்து வந்தவர் அவர். காட்டாற்று வெள்ளத்தில் அவரை முதுகிலேற்றிக் கரை சேர்த்தவளும் அலரிதான். உடன்படிக்கை எழுதிய நாளில், இதில் யாம் அறியாதது ஏதேனும் உண்டோ என்று அரசியார் வினவியருள, ஒன்றுமில்லை தாயே என்று கைகூப்பியவரும் அவரே.

தங்கள் வீரர் விலங்கு கொள்ள வந்ததும், காரிநம்பி எருதுகளைத் தாண்டிப்போய் அலரியைச் சுட்டிக்காட்டினார். சங்கிலிக்கு அவள் அசையவில்லை. அக்கை, வா என்று இவர் அழைத்தார். நம்பிப் பின்னே போனாள். பால் மறவாத அவள் கன்று வாயிலிலேயே நிற்கிறது. யார் கொடுத்த பாலையும் குடிக்க மறுக்கிறது.

காரிநம்பியை உறவின் வரிசையிலிருந்து நீக்கினோம். விலங்கின் வரிசையில் வைக்கலாமோ என்று அவையோர் கேட்க, எந்த விலங்கும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ததில்லையே என்று அரசியார் மறுத்தருளினார். ஆகவே அவரை வைக்க எம் மலையில் இடமில்லை.

இனி அரசியார் ஆணை. எருது எத்தனை வேண்டினும் கொள்க. அலரியைக் கன்று உயிரோடிருக்கும்போதே விடுக்க. எவரும் அவளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டா; அழைத்தால் இனி நம்பமாட்டாள். வாயிலைத் திறந்துவிடுக, வழி அவளுக்குத் தெரியும்.

எம் முத்திரையில் பொறித்திருப்பது அலரியின் உருவம். அவள் வீடு திரும்பும்வரை அதை எடுக்கலாகாதென்று அரசியார் விலக்கியருளியதால், இவ்வோலை முத்திரையின்றி வருகிறது.