கைநாட்டு வைக்காதவள்

விருத்தாசலம்
7 டிசம்பர் 2025

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

அம்மா எழுதுவது. படிக்கத் தொடங்குமுன் இந்தத் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து எழுத்தை மட்டும் பார். இது கோடு போடாத தாள். அடியில் கோடு போட்ட அட்டை எதையும் நான் வைக்கவில்லை. வரி நேராகப் போகிறதா? 'ழ'வின் வால் எங்கேயாவது துள்ளுகிறதா? துள்ளாது. மாப்பிள்ளையிடமும் காட்டு. பிறகு படி.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நன்றாக இருக்கிறேன் என்று போனில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நானே ஒரு வருஷமாக உன்னிடம் அப்படித்தான் சொல்லி வந்தேன், நீ நம்பவில்லை. நம்பாமல் இருந்ததும் சரிதான். அதனால் இந்த முறை சாட்சியோடு சொல்லலாம் என்று காத்திருந்தேன். இந்தக் கடிதம்தான் சாட்சி. மெல்போர்னுக்கு வந்து சேரத் தாமதமானாலும் பரவாயில்லை.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஐப்பசி மழையில் சமையலறை ஓரம் ஒழுகியது, ஆள் வைத்துப் பூசிவிட்டேன். பூசியவன் சிமெண்டைத் தரையெல்லாம் சிந்திவிட்டுக் கிளம்பப் பார்த்தான். துடைத்த பிறகுதான் அனுப்பினேன். பக்கத்து வீட்டுத் திரௌபதியின் பெண்ணுக்குத் தை மாதம் பழமலைநாதர் கோயிலில் கல்யாணம். உன்னை அவசியம் கூப்பிடச் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் தீபாவளி சமயம் எனக்குத் தூக்கம் சரியில்லை என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நீ உன் சித்தப்பாவிடம் சொன்னாய். நல்லூரிலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே கோவிந்தசாமி வந்து இறங்கினார், கையில் அமுக்கராச் சூரண டப்பா. "அண்ணி, இது நரம்புக்கு உரம். ராத்திரி பால்ல ஒரு ஸ்பூனு போட்டுக் குடிச்சிட்டுப் படுங்க, அடிச்சிப் போட்ட மாதிரி தூக்கம் வரும்" என்றார். அவர் சொன்னதைத் திரௌபதி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியுமா? "மேனேஜரம்மா, சூரணம்லாம் நாக்குல ஒட்டும். எங்க மாமியாரு இந்த லேகியத்துலதான் எழுந்து ஒக்காந்தாங்க" என்று வேப்பூரில் தன் அண்ணன் கடையிலிருந்து ஒரு லேகியப் புட்டி வரவழைத்துக் கொடுத்தாள். உன் அப்பா போய் ஐந்து வருஷமாகியும் இந்தத் தெருவுக்கு நான் இன்னும் மேனேஜரம்மாதான். அதற்குள் நீ அனுப்பிய கேப்சூல் புட்டியும் வந்து சேர்ந்தது. மன அமைதிக்கும் நரம்புக்கும் என்று அதன்மேல் பச்சை இலைப் படத்தோடு போட்டிருந்தது.

மூன்று பேரும் அன்பாகக் கொடுத்தது. ஒருவருடையதைச் சாப்பிட்டு இன்னொருவருடையதை அலமாரியில் வைப்பது மரியாதையா? மூன்றையும் வேளை தவறாமல் சாப்பிட்டேன். என் ஒழுங்கு உனக்குத் தெரியுமே. விடிகாலையில் வெறும் வயிற்றில் வழக்கமான தைராய்டு மாத்திரை, பலகாரத்துக்குப் பிறகு கேப்சூல், சாயங்காலம் லேகியம், படுக்குமுன் பாலில் சூரணம். முதலில் தூக்கம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பங்குனி வாக்கில் கை நடுங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடத்தது, மின்விசிறிக்கு அடியிலும் வியர்த்தது. ரவிக்கையெல்லாம் தொளதொளத்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பாவின் தொழிற்சாலையில் செய்த பீங்கான் கப்பில், சாசரோடு டீ கொடுப்பேன் அல்லவா? கூடத்தைக் கடப்பதற்குள் கப்பும் சாசரும் மோதிக் கடகடவென்று சத்தம் போடும். டீ பாதி சாசரில் இருக்கும். அதனால் எவர்சில்வர் டம்ளருக்கு மாறினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இதற்கு எல்லோரும் சேர்ந்து ஒரு பெயர் வைத்தீர்கள், நரம்புத் தளர்ச்சி என்று. நடுக்கம் கூடக் கூட மருந்தும் கூடியது. "ஒரு ஸ்பூனு பத்தாது அண்ணி, ரெண்டா போடுங்க" என்றார் உன் சித்தப்பா. திரௌபதி லேகியத்தை நெல்லிக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு உயர்த்தினாள். நீ ராத்திரிக்கும் ஒரு கேப்சூல் என்றாய். புதுச்சேரியில் நரம்பு டாக்டரைப் பார்த்தபோது, வயதானால் சிலருக்கு வரும் நடுக்கமாக இருக்கலாம், கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கத்தான் செய்தார். தைராய்டு மாத்திரை மட்டும் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. மூலிகையை நம் வீடுகளில் யார் மருந்துக் கணக்கில் சேர்த்தார்கள்? அது ரசம், துவையல் கணக்கு.

ஆகஸ்ட் மாதம் வங்கியில் நடந்ததை உனக்கு உன் சித்தப்பா சொல்லியிருப்பார். முழுதும் சொல்லியிருக்க மாட்டார். டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனேன். போட்ட கையெழுத்து அவர்களிடம் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி போட்டேன், அது முதலில் போட்டதோடுகூட ஒத்துப்போகவில்லை. தமிழினி என்று ஒரு பெண், நல்ல பெண்தான், மை டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். "பரவாயில்லம்மா, கைரேகை வெச்சிருங்க. வயசானவங்க நெறைய பேரு அப்படித்தான் வைக்கிறாங்க" என்றாள்.

அவள்மேல் தப்பில்லை, அவளுடைய விதி அது. ஆனால் பூர்ணிமா, கடலூர் கான்வென்ட்டில் கையெழுத்துக்காகவே வருஷா வருஷம் பரிசு வாங்கியவள் நான். அந்த நீல மையைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "பாட்டி, கட்டை விரல அதுல தேய்ங்க, அவ்ளோதான்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்! கைநாட்டு வைக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஆட்டோவில் ஜங்ஷன் வரை வந்த பிறகுதான் குடையை வங்கியிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் நீ கோயம்புத்தூரில் முதியோர் இல்லம் பார்த்து, முன்பணமும் கட்டிவிட்டதாகச் சொன்னாய். ஜனவரியில் வந்து நீயே கொண்டுபோய் விடுகிறேன் என்றாய். நான் சரி என்றேன். நான் சண்டை போடவில்லையே என்று உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். தன் பெயரை எழுத முடியாதவளுக்குத் தனி வீடு எதற்கு என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போவதென்றால் ஒழுங்காகப் போக வேண்டும். செப்டம்பரிலேயே மூட்டை கட்டத் தொடங்கினேன். மருந்துகளைத் தனிப் பையில் போடலாம் என்று எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். எதில் காலாவதித் தேதி என்ன என்று பார்க்க உன் அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்தேன். பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்தாரே, அதுதான். உன் புட்டியில் பச்சை இலைக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் எழுத்து: விதானியா சோம்னிஃபெரா. லேகியப் புட்டியின் பின்னால் அஸ்வகந்தா என்று போட்டு, பக்கத்தில் விதானியா சோம்னிஃபெரா. சூரண டப்பாவைத் திருப்பினேன். அமுக்கராக் கிழங்கு, விதானியா சோம்னிஃபெரா.

எங்களுக்குத் தாவரவியல் எடுத்த சிஸ்டர், செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், ஆனால் லத்தீன் பெயர் உலகத்துக்கே ஒன்றுதான் என்று சொல்லி அத்தனையையும் உருப்போட வைத்தார். அப்போது திட்டிக்கொண்டே படித்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருத்தி, நல்லூரிலிருந்து ஒருத்தர், அடுத்த வீட்டிலிருந்து ஒருத்தி, மூன்று பேருமாக எனக்கு ஒரே வேரைப் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்திருக்கிறீர்கள். நானும் மூன்று மடங்காகச் சாப்பிட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கிறேன்!

மறுநாள் காலையிலேயே எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனேன். ஜெயஸ்ரீ என்று ஒரு டாக்டர், உன்னைவிடச் சின்னவள். கூடையைப் பார்த்து, "என்னம்மா, கடை போடப் போறீங்களா?" என்றாள். இந்தத் தடவை எதையும் விடாமல், தைராய்டு மாத்திரையையும் சேர்த்துச் சொன்னேன். உடனே அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது நல்ல மூலிகைதாம்மா. நானே எழுதிக் குடுக்கறேன். ஆனா தைராய்டு மாத்திரை போடறவங்களுக்கு யோசிச்சித்தான் குடுப்போம். சிலருக்கு இது தைராய்டத் தூக்கி விட்டுடும். நீங்க மாத்திரையும் போட்டுக்கிட்டு, இதையும் மூணு பங்கு சாப்ட்டா, கை நடுங்காம என்னா பண்ணும்?" என்றாள். அன்றே ரத்தம் எடுக்கச் சொன்னாள். அவள் சொன்ன மாதிரியே தைராய்டு தாறுமாறாக ஏறியிருந்தது. அந்த அறிக்கையோடு என் வழக்கமான தைராய்டு டாக்டரிடமும் போனேன். மூன்றையும் நிறுத்தச் சொன்னார், மாத்திரை அளவையும் மாற்றிக் கொடுத்தார்.

ஒரே ராத்திரியில் சரியாகிவிடவில்லை. முதலில் படபடப்பு அடங்கியது. பிறகு வியர்வை. கை கடைசியாகத்தான் வழிக்கு வந்தது. தினமும் காலையில் ஒரு தாளில் என் பெயரை எழுதி, உடனே கிழித்துப் போடுவேன். ஐப்பசியில் ஒருநாள் கிழிக்கத் தோன்றவில்லை.

அன்றே உன் சித்தப்பாவை வரச் சொன்னேன். பீங்கான் கப், சாசர், விளிம்பு வரை டீ. சமையலறையிலிருந்து கூடத்துக்கு நானே ஏந்திக்கொண்டு வந்தேன். அவர் நாற்காலி நுனிக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தமில்லை. சாசரில் ஒரு சொட்டில்லை. அவர் டீயை வாங்கிக் குடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா அண்ணி, சூரணம் வேலை செஞ்சிருச்சி!" என்றார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். பாவம், முகம் சுண்டிப்போயிற்று. "நல்லதுக்குத்தான அண்ணி குடுத்தேன்" என்றார். தெரியும், அதனால்தான் சாப்பிட்டேன் என்றேன். மிச்சமிருந்த டப்பாவை அவரிடமே கொடுத்து, டாக்டரைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். திரௌபதி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய லேகியம் நல்லதாம், மற்ற இரண்டும்தான் கெடுத்துவிட்டதாம்.

போன மாதம் பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வங்கிக்குப் போனேன். கோவிந்தசாமியும் கூட வந்தார். அதே தமிழினி. என்னைப் பார்த்ததும் இழுப்பறையிலிருந்து என் குடையை எடுத்துக் கொடுத்தாள். மை டப்பாவை எடுக்கவா வேண்டாமா என்று அவள் கை தயங்கியது. நான் என் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன். பழைய டெபாசிட் தாளுக்கும் சேர்த்து, அவள் கேட்ட இடத்திலெல்லாம் போட்டேன். பிறகு கம்ப்யூட்டரில் இருக்கும் என் பழைய கையெழுத்தைக் காட்டச் சொன்னேன். அவள் திரையைத் திருப்பினாள். "யம்மா, அச்சு அப்படியே இருக்குதும்மா!" என்றாள். இல்லை, பழையதில் 'தி'யின் சுழி கொஞ்சம் சின்னது, இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது என்றேன். அதற்குள் உன் சித்தப்பா வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "எங்க அண்ணி கான்வென்ட்டு! சும்மாவா!" என்று கத்திவிட்டார். பொது இடத்தில் என்ன சத்தம் என்று கடிந்துகொண்டேன். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், அவர் இன்னொரு தடவை சொன்னால்கூடத் தடுத்திருக்க மாட்டேன்.

இதைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு நானே கெடுதல் செய்துவிட்டேனே என்று நீ அழுவாய். அழாதே. ராத்திரி கண் விழித்து எத்தனையோ கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்த்து அந்தப் புட்டியை நீ தேர்ந்தெடுத்தாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த அக்கறையில் ஒரு குறையும் இல்லை. நம்மில் ஒருவருக்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இப்போது வீட்டில் வல்லாரை மட்டும் இருக்கிறது. சூளையில் கோணிப்போய் விற்காமல் கிடந்த கைகழுவும் தொட்டி ஒன்றை வாங்கி, கிணற்றடியில் வைத்து வளர்க்கிறேன். தளதளவென்று இருக்கிறது. ஜெயஸ்ரீயைக் கேட்டுக்கொண்டுதான். "நரம்புக்கு மருந்துன்னு சாப்டாதீங்க, கீரைன்னு சாப்டுங்க. வாரத்துக்கு ஒருக்கா போதும்" என்றாள். தேங்காய், புளி வைத்து அரைக்கிறேன்.

கோயம்புத்தூருக்குப் போன் செய்து, என் அம்மா வரவில்லை என்று சொல்லிவிடு. காரணம் கேட்டால், அவருக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல். மரியாதையாகச் சொல், அவர்களும் நல்லவர்கள்தான்.

இன்னும் ஒன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். ஜனவரியில் நீ வருவதாக இருந்தது என்னை அங்கே கொண்டுபோய் விடுவதற்காக. இனி உனக்கு அந்த வேலை இல்லை. அம்மாதான் சரியாகிவிட்டாளே என்று டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. எனக்கு முடியாமல் இருந்த ஒரு வருஷத்தில் நீ என்னோடு பேசிய அளவுக்கு அதற்கு முன் பத்து வருஷத்தில் பேசியதில்லை. அதற்காக மறுபடி படுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நன்றாக இருக்கிற அம்மாவையும் வந்து பார்க்கலாம். எந்தப் புட்டியும் கொண்டுவராதே. என்னைக் கவனித்துக்கொள்ளவும் வேண்டாம். இங்கே வந்து நன்றாகத் தூங்கு, நான் டீ போட்டுத் தருகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலனும் பெற்று நீடூழி வாழ வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா
பானுமதி குருமூர்த்தி